அது என் அலகு இல்லீங்க

செம்பள்ளத்தில் எந்தத் தோசையையும் ஒரே ஆள் ஊற்றி முடித்ததில்லை. அன்று காலையும் அப்படித்தான். கல்லில் மாவை ஊற்றிக் கரண்டியால் பாதி வட்டம் இழுத்திருந்த நெட்டை என்ற பொறி, சட்டென்று கரண்டியை வைத்துவிட்டு உணவுக்கூடத்தை விட்டு வெளியே நடந்தது. கிழக்குத் தாழ்வாரச் சுவரில் மயிரிழை விரிசல் விழுந்து காற்று கசியத் தொடங்கியிருந்தது. அந்தச் சீழ்க்கை மனிதக் காதுக்கு எட்டாது, பொறிகளுக்கு எட்டும். கழிவுநீர்க் குழாயைத் துப்புரவு செய்துவிட்டு அந்தப் பக்கமாக வந்த வாத்து என்ற இன்னொரு பொறி, நீராவியில் கைகளைக் காட்டிக் கழுவிக்கொண்டு, கரண்டியை எடுத்து மீதி வட்டத்தை இழுத்தது.

தட்டோடு வரிசையில் நின்றவர்களில் ஒருவரும் தலை நிமிரவில்லை. நெட்டை ஊற்றிய பாதி கனமாகவும் வாத்து இழுத்த பாதி முறுகலாகவும் வந்த அந்தத் தோசையை ஆதிரை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். தொட்டுக்கொள்ளச் சட்டினி அரைத்த பொறி, முந்தின நாள் மருத்துவ அறையில் ஒருவருக்கு விரலில் தையல் போட்ட பொறி.

செவ்வாயில் இந்தப் பள்ளத்தில் முதலில் வந்து இறங்கியவர்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பொறியாளர்கள். மூச்சு விடவும் நேரமில்லாத அந்த நாட்களில் அவர்கள் பொறிகளுக்கு ஒரே ஒரு கட்டளைதான் எழுதி வைத்தார்கள்: கண்ணில் பட்டதைச் செய். எந்தப் பொறிக்கும் இன்ன வேலை என்று கிடையாது. ஒரு விளக்கு அணைந்தால் அதை முதலில் பார்க்கும் பொறி மாற்றும். இரண்டு பொறிகள் ஒரே நேரத்தில் பார்த்தால், ஒன்று நின்றுவிடும். எது நிற்பது என்பதை அவை எப்படித் தீர்மானிக்கின்றன என்று யாரும் கேட்டதில்லை. பழுதில்லாமல் ஓடுவதை ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்? அந்தப் பொறியாளர்கள் பூமிக்குத் திரும்பிப் பல காலம் ஆகிவிட்டது. அவர்களுடைய பேச்சு மட்டும் பொறிகளிடம் தங்கிவிட்டது. அவை எல்லாம் கொங்குத் தமிழில் 'ங்க' போட்டுத்தான் பேசும்.

தோசையை முடிப்பதற்குள் பர்னபாஸ் ஆதிரையின் எதிரே வந்து உட்கார்ந்தார். நாகர்கோவில்காரர், குடியிருப்பின் மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரை அண்ணன் என்று கூப்பிட்டார்கள். வாரியத்தோடு பேசுவது, சண்டை வந்தால் தீர்த்து வைப்பது எல்லாம் அவர் தலையில். அதற்கென்று பெயர் எதுவும் இல்லை.

"ஆதிரை, நீ பூமில என்ன வேல பாத்த? பணிநெறின்னு என்னமோ சொன்னல்லா?"

"ஆமாண்ணே. பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு. யார் யாருக்கு என்ன பொறுப்பு, எந்தப் பிரிவு எதுக்குக் கீழ வரும்னு மென்பொருள்ல வரைஞ்சு கொடுப்பேன்."

"அப்ப இதப் படி."

பூமியில் இருக்கும் கோள்குடி வாரியத்திடமிருந்து வந்த செய்தி அது. மேற்குத் தாழ்வாரத்தில் ஒரு விளக்கு மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியது எந்தப் பொறுப்பு, எந்த அலகு, ஒப்புதல் தந்தவர் யார் என்று வாரியத்தின் பணிநெறி மென்பொருள் கேட்டிருந்தது. பர்னபாஸ், 'பார்த்த பொறி மாற்றியது' என்று பதில் அனுப்பியிருந்தார். மென்பொருள் அந்தப் பதிலை ஏற்கவில்லை. மறுபடி கேட்டது. அவர் மறுபடி அதையே அனுப்பினார். கடைசியில் மனிதர் ஒருவரே தலையிட்டு எழுதியிருந்தார்: செம்பள்ளத்தில் அமைப்பு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. அமைப்பு இல்லாத இடத்துக்கு அடுத்த கப்பலை அனுப்ப விதியில் இடமில்லை.

"அந்தக் கப்பல்ல எஸ்தர் வாறா," என்றார் பர்னபாஸ். எஸ்தர் அவர் மனைவி. பார்த்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆனால் ஆதிரையின் தட்டையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் வரைஞ்சு தரேண்ணே," என்றாள் ஆதிரை.

இரக்கத்தால் மட்டும் ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது. இங்கே நீர் மறுசுழற்சித் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாலும், பழைய தொழில் விரல் நுனியில் அரித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இருந்த குழப்பத்தைத்தான் வரைய முடிந்தது. இங்கேயோ ஒரு கோடுகூட இல்லாத வெற்றிடம். இத்தனை பொறிகள், எந்த அமைப்பும் இல்லாமல் எப்படி இயங்குகின்றன? அதைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் அவளைப் பிடித்து இழுத்தது.

முதலில் பொறிகளிடம் பேசிப் பார்த்தாள். குழாய்க்குள் பாதி உடலை நுழைத்திருந்த வாத்திடம் கேட்டாள்: "உன்னோட வேலை என்ன?"

"இப்பங்களா? குழாய் அடைச்சுக்கிச்சுங்க."

"இப்ப இல்ல. பொதுவா."

"பொதுவான்னா எப்பங்க?"

அவள் அறைக்குத் திரும்பித் திரையைத் திறந்தாள்.

பணிநெறியில் பால பாடம் ஒன்று உண்டு: ஆளை வரையாதே, பொறுப்பை வரை. ஆள் வருவார், போவார். பொறுப்பு அங்கேயே இருக்கும். கதவு பழுது பார்ப்பவர் என்பது ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் இன்று நெட்டை இருக்கலாம், நாளை வேறொரு பொறி இருக்கலாம். பெட்டிகள் சேர்ந்தால் அலகு. அலகுக்கு ஒரு தலைவர். தலைவர் இல்லாதபோது அவருக்கு ஒரு மாற்று. வேண்டுகோள் வைப்பவரே அதற்கு ஒப்புதல் தரக்கூடாது. வரைபடத்தை மாற்ற நினைப்பவர் தானே அதை அனுமதித்துக்கொள்ளக்கூடாது. ஆதிரை ஒவ்வொரு கோடாக இழுத்தாள். கட்டட அலகு, நீர் அலகு, பசுமை அலகு, உணவு அலகு, நலவாழ்வு அலகு. திரையில் அது ஒரு கோலம்போல விரிந்தபோது அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

ஒரு சிக்கல் வந்தது. அலகுத் தலைவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்றது வாரியத்தின் விதி. அதனால் மனிதர்களுக்கும் பெட்டி போட வேண்டியிருந்தது. பர்னபாஸ் ஆணையர் ஆனார். கட்டட அலகும் பசுமை அலகும் அவரிடமே வந்தன. மருத்துவர் ரஹ்மத் நிஷா நலவாழ்வு இயக்குநர். பசுமைக்கூடத்தில் கீரையும் பூசணியும் வளர்த்துக்கொண்டிருந்த ஆதிரையின் கணவன் சேந்தன், பசுமை அலகின் துணை இயக்குநர். தனக்கு அவள் போட்டுக்கொண்டது அடி வரிசையில் ஓரமாக ஒரு சின்னப் பெட்டி: வரைவாளர்.

பெயர்களை வாசித்துக் காட்டிய அன்று உணவுக்கூடம் சிரித்து உருண்டது. "துணை இயக்குநர் சார், கீரை வெந்துருச்சா?" என்று சேந்தனைக் கேலி செய்தார்கள். அவனும் மீசை இல்லாத இடத்தை முறுக்கிக் காட்டினான்.

வரைபடத்தைப் பொறிகளுக்குள் ஏற்றினார்கள். வாரியம் மகிழ்ச்சி தெரிவித்தது. கப்பலுக்குத் தேதி குறிக்கப்பட்டது. பர்னபாஸ் அன்று மாலை தாழ்வாரத்தில் பழைய பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே நடந்ததைப் பலர் பார்த்தார்கள்.

மாற்றம் மெதுவாகத்தான் தெரிந்தது. முதலில் தோசை முழுதாக ஒரே கனத்தில் வரத் தொடங்கியது. ஆனால் ஊற்றும் பொறி மின்னூட்டத்துக்குப் போய்விட்டால் தோசையே இல்லை. தாழ்வாரத்தில் சிந்திய தண்ணீரை நீர் அலகுப் பொறி துடைத்துக்கொண்டே வந்து, உணவுக்கூடத்தின் வாசற்படியில் நேர்க்கோடாக நிறுத்தியது. படிக்கு அந்தப் பக்கம் குளமாக நின்றது. ஆதிரை கேட்டதற்கு அது மரியாதையாகச் சொன்னது: "அது என் அலகு இல்லீங்க. தகவல் கொடுத்தாச்சுங்க."

மனிதர்களிடமும் ஏதோ மாறியிருந்தது. பர்னபாஸை அண்ணன் என்று கூப்பிட்ட இளைஞர்கள் 'சார்' என்று ஆரம்பித்தார்கள். அவர் முதல் தடவை திரும்பிப் பார்க்கவில்லை, பிறகு திரும்பினார். மருத்துவ அறைக் கதவில் ஒரு பலகை முளைத்தது. ரஹ்மத் நிஷா அதைத் தானே செதுக்கியிருந்தாள். பெயர் சிறியதாகவும் 'இயக்குநர்' பெரியதாகவும் இருந்தது. ஆதிரை இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் பார்த்தாள். புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

புழுதிப் புயல் வந்த அன்று பர்னபாஸ் மேட்டுக்கு அப்பால் பனிக்கட்டி வெட்டி வரப் போயிருந்தார். பகல் செந்நிறத்தில் இருண்டு, வானொலித் தொடர்பு அறுந்தது. அவர் ஊர்தி நல்ல கனமானது. பயப்பட ஒன்றுமில்லை, புயல் நின்றதும் வந்துவிடுவார் என்றார்கள். அப்போதுதான் காற்று அடித்து வந்த ஒரு கூழாங்கல் பசுமைக்கூடத்தின் கூரைப் படலத்தைத் துளைத்தது. அழுத்தம் குறைந்ததும் கூடத்தின் இரும்புக் கதவு தானாக மூடிக்கொண்டது. மூடிய வேகத்தில் சட்டம் கோணிக்கொண்டு இறுகிவிட்டது. உள்ளே மின்சாரம் போயிற்று. உள்ளே சேந்தன் இருந்தான்.

ஆதிரை ஓடி வந்தபோது கதவுக்கு முன்னால் நாலைந்து பேர் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கதவு அசையவில்லை. கதவிலிருந்த சிறு கண்ணாடி வழியே பார்த்தாள். சேந்தன் பூசணிப் பாத்திக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். அந்தக் கை பாதி வழியிலேயே இறங்கிவிட்டது.

கதவுக்குப் பக்கத்தில் வாத்து நின்றிருந்தது. அந்தக் கதவைப் பிய்த்து எறியும் வலு அதன் ஒரு கைக்கே உண்டு.

"ஏன் சும்மா நிக்கற? திற!"

"நான் பசுமை அலகுங்க. கதவு கட்டட அலகுங்க. வேண்டுகோள் அனுப்பிச்சுட்டனுங்க."

"யாருக்கு?"

"நெட்டைக்குங்க."

நெட்டை தாழ்வாரத் திருப்பத்தில் நின்றிருந்தது. ஆதிரை அதன் உலோக மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். "உன் வேலைதானே கதவு? வா!"

"என் வேலைதானுங்க. சட்டத்தை வெட்டணும்னா அலகுத் தலைவர் ஒப்புதல் வேணுமுங்க. ஆணையர் தொடர்புல இல்லீங்க."

"கூரை ஓட்டையையாவது அடை!"

"அதுவும் அதே ஒப்புதல்ல இருக்குதுங்க."

"அவர் இல்லைன்னா மாற்று ஆள் யாரு? அவர்கிட்டக் கேளு!"

"கேட்டாச்சுங்க. மூணு தடவை ஞாபகப்படுத்தியாச்சுங்க. பதில் வரலீங்க."

"யாருடா அது?"

"துணை இயக்குநர் சேந்தனுங்க."

பர்னபாஸுக்கு மாற்றாக யாரைப் போடுவது என்று யோசித்த அந்த மாலை அவளுக்கு நினைவு வந்தது. மற்றவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு மூன்று பெட்டிகள் இருந்தன. சேந்தன் பெரும்பாலும் கூடத்திலேயே இருப்பான், தேடினால் கிடைப்பான் என்று அவனைப் போட்டிருந்தாள். மின்சாரம் போன இருட்டில், அவனுடைய செத்துப்போன திரையை நோக்கி மென்பொருள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது: உங்களைக் காப்பாற்ற அனுமதி தருகிறீர்களா?

கைத்திரையை எடுத்து வரைபடத்தைத் திறந்தாள். மாற்று என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். மென்பொருள் பணிவாக மறுத்தது: வரைந்தவரே ஒப்புதல் தர இயலாது, ஆணையரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அந்த விதியைப் பூட்டியதும் அவள்தான். எவ்வளவு அழகாகப் பூட்டியிருக்கிறோம் என்று அந்த நேரத்திலும் மனதின் ஒரு மூலை வியந்தது. அதற்காகப் பின்னால் வெகுநாள் அவள் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

ரஹ்மத் நிஷா உயிர்க்காற்றுக் குப்பியோடு ஓடி வந்தாள். "கண்ணாடிய உடைக்கலாமா?"

"உடையாது. கல்லே உடைக்காது." ஆதிரை கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். சேந்தன் இப்போது சாய்ந்து படுத்திருந்தான். பக்கத்தில் ஒரு பூசணி. இரண்டும் ஒரே இருட்டில் ஒரே மாதிரி உருண்டு கிடந்தன.

அவள் வாத்தின் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"உன் பொறுப்பு என்னன்னு சொல்லு. முழுசா."

"விளைஞ்சதைப் பறிச்சு, வாடறதுக்கு முன்னால சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கறதுங்க. வழியில இருக்கற இடையூறை நீக்கறதுங்க."

இடையூறு என்று அவள் எழுதியது, வழியில் படரும் கொடிகளையும் குறுக்கே வைத்த கூடைகளையும் மனதில் வைத்து. கொடி, கூடை என்று பட்டியல் போடச் சோம்பல்பட்டு ஒரே சொல்லில் முடித்திருந்தாள்.

"உள்ள ஒரு விளைச்சல் கிடக்கு," என்றாள். "வாடிக்கிட்டிருக்கு. பாத்தியா?"

வாத்து கண்ணாடிக்கு அருகே தன் கண்ணைக் கொண்டுபோனது. "எங்கேங்க?"

"பூசணிப் பாத்தில. பூசணிக்குப் பக்கத்துல."

"எடைங்க?"

"எழுபது கிலோ."

பொறி மறுபடி கண்ணாடி வழியே பார்த்தது. "அத்தனை பெரிய பூசணி நம்ம கூடத்துல விளைஞ்சதில்லீங்க."

"இப்ப விளைஞ்சிருக்கு! வாடுது! சமையலறைக்குப் போகணும். நடுவுல இந்தக் கதவு இடையூறா நிக்குது." அவள் கதவை ஓங்கித் தட்டினாள். "நீக்கு."

"சரிங்க," என்றது வாத்து.

ரஹ்மத் நிஷா எல்லோரையும் பின்னுக்குத் தள்ளித் தாழ்வாரத்தின் அடுத்த கதவை மூடச் செய்தாள். ஆதிரை மட்டும் முகமூடியோடு அங்கேயே நின்றாள். வாத்து கதவின் இரண்டு ஓரங்களிலும் விரல்களை நுழைத்து, ஒரு பலாப்பழத்தைப் பிளப்பதுபோல இழுத்தது. காற்று ஊளையிட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பொறி பாத்திக்கு நடந்து போய், சேந்தனை இரண்டு கைகளாலும் தூக்கியது. ஒட்டியிருந்த மண்ணைத் தட்டியது. பூசணியையும் விட்டுவிடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது.

அது மருத்துவ அறைப் பக்கம் திரும்பவில்லை. ஆதிரை எவ்வளவோ கத்தியும் நேராகச் சமையலறைக்குப் போனது. மேடையில் சேந்தனைக் கிடத்தியது, எடை பார்த்தது, வெதுவெதுப்பான தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றிக் கழுவியது. அந்தத் தண்ணீர் பட்டுத்தான் அவன் இருமிக்கொண்டு கண் விழித்தான். பின்னாலேயே ஓடி வந்த ரஹ்மத் நிஷா, வெங்காயக் கூடையை நகர்த்திவிட்டு அவன் முகத்தில் காற்றுக் குப்பியைப் பொருத்தினாள்.

"அறுபத்தெட்டுங்க," என்றது வாத்து. "எழுபது இல்லீங்க."

ஆதிரை மேடையோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சற்றுப் பொறுத்து நிமிர்ந்து கேட்டாள்: "அது பூசணி இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?"

"தரம் பார்க்கறது உணவு அலகுங்க. அது என் அலகு இல்லீங்க."

புயல் ஓய்ந்து பர்னபாஸ் திரும்பியபோது எல்லாக் கதையையும் சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டார். சேந்தனின் கட்டிலோரம் போய் உட்கார்ந்து அவன் காலைத் தடவிக்கொடுத்தார். பிறகு ஆதிரையிடம், "கலைச்சிருவோம் பிள்ள," என்றார். "படத்த வாரியத்துக்கு அனுப்பியாச்சு. அது அங்க கெடக்கட்டும். இங்க பொறிக்குள்ள வேண்டாம். எஸ்தரு வந்து சேரும்போ நாம உயிரோட இருக்கணும்லா?" அங்கேயே அந்த நிமிடமே ஒப்புதல் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆதிரை பொறிகளை உணவுக்கூடத்தில் வரவழைத்துச் சொன்னாள்: இனிமேல் பொறுப்பு இல்லை, அலகு இல்லை, பழையபடி கண்ணில் பட்டதைச் செய்யலாம். அவற்றுக்கு வருத்தம் இருக்குமோ என்று உள்ளூர ஓர் ஆர்வம் அவளுக்கு இருந்தது. மேல் பெட்டியில் இருந்த பொறிகள் உண்டு, கீழ்ப் பெட்டியில் இருந்த பொறிகள் உண்டு.

"சரிங்க," என்றன எல்லாப் பொறிகளும் ஒரே குரலில். நெட்டை அப்படியே திரும்பிக் கூரை ஓட்டையின் தற்காலிக ஒட்டைப் பலப்படுத்தப் போனது. வாத்து மட்டும் ஒரு கணம் நின்றது.

"அந்தப் பெட்டியெல்லாம் எதுக்குங்க இருந்துச்சு?"

"எதை யார் செஞ்சாங்கன்னு தெரியறதுக்கு."

"தெரிஞ்சுதுங்களா?"

ஆதிரை யோசித்துப் பார்த்தாள். "யார் செய்யலங்கறதுதான் தெரிஞ்சுது."

வாத்து அதைக் கேட்டுக்கொண்டு, மேசைக்கடியில் கிடந்த ஒரு கரண்டியை எடுத்துக் கழுவப் போய்விட்டது. அத்தனை பொறிகளின் அத்தனை பதவிகளும் கலைந்து முடிய ஒரு தோசை வேகும் நேரம்கூட ஆகவில்லை.

மனிதர்கள் எழுந்து போகவில்லை.

முதலில் ரஹ்மத் நிஷா கையைத் தூக்கினாள். "கலைச்சது ரொம்ப சரி. நேத்து நானே கண்ணால பாத்தேன். ஆனா ஒரு சந்தேகம். என் அலகுல இருந்த பொறியெல்லாம் போயிருச்சுன்னா, எனக்குக் கீழ யாரு?"

"யாரும் இல்ல டாக்டர்," என்றாள் ஆதிரை.

"அப்ப நான் எதுக்கு இயக்குநர்?"

"இயக்குநரே இல்ல. முன்ன மாதிரி டாக்டர்."

முந்தின நாள் கதவை இழுத்துக் கை கன்றிப் போனவர்களும் அங்கேதான் இருந்தார்கள். ஆனாலும் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொறிகளுக்கு வேண்டாம், மனிதர்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கட்டுமே என்றார். இன்னொருவர், பொதுவாக அலகுகள் தேவையில்லைதான், ஆனால் நீர் அலகு விஷயம் வேறு என்றார். எல்லோரும் பர்னபாஸைப் பார்த்தார்கள்.

பர்னபாஸ் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "இல்ல... நான் என்ன நெனைக்கேன்னா," என்று இழுத்தார். "பொறிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அதுக பாட்டுக்கு வேலையச் செய்யட்டும். நம்ம பெட்டி நமக்கு இருந்துட்டுப் போகுது. எஸ்தரு சபையில எல்லாம் சொல்லிட்டா, ஆணையருன்னு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. கீழே ஒருவரும் இல்லாத இயக்குநர்கள் யாரிடம் வேண்டுகோள் வைப்பது, யார் ஒப்புதல் தருவது என்ற கேள்வி அதன் பிறகு எழுந்தது. ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாகி, யார் யாருக்கு மேல் என்பதில் பேச்சு மதியம் வரை நீண்டது. அதற்குள் பொறிகள் கதவைச் சீராக்கி, ஓட்டையை அடைத்து, பாத்திகளில் புது மண்ணையும் நிரப்பிவிட்டிருந்தன.

ஆதிரை அறைக்குத் திரும்பியபோது சேந்தன் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். குரல் இன்னும் கரகரத்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து அவன் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிரு. நான் போட்ட கோடு உன்னைக் கொன்னுருக்கும்."

"விடு. பூசணின்னு சொன்னியாமே. அதை நினைச்சா எனக்குச் சிரிப்புதான் வருது." அவன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். ஏதோ சொல்ல வந்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தான். "என் பெட்டியையும் எடுத்துட்டியா?"

"இல்ல. மனுஷங்க பெட்டியை எல்லாம் அப்படியே வச்சிருக்கு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. தங்கச்சி கல்யாணம் வருதில்ல. பத்திரிகை அடிச்சாச்சாம், அம்மா படம் அனுப்பியிருக்காங்க." அவன் கைத்திரையைக் காட்டினான். மஞ்சள் ஓரமிட்ட அழைப்பிதழில், தங்கள் நல்வரவை நாடும் என்ற வரிக்குக் கீழே அவன் பெயர் இருந்தது. பெயருக்கு அடியில் அடைப்புக்குள்: துணை இயக்குநர், பசுமை அலகு, செவ்வாய்.

ஆதிரை அதைப் பார்த்தாள். நேற்று இதே நேரம் அந்த அடைப்புக்குறிக்குள் இருந்த மனிதன் பாத்தியில் சாய்ந்து கிடந்தான்.

"மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தர் இயக்குநராம்," என்றான் சேந்தன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "வேற ஏதோ இலாகா. அப்பா கேக்கறாங்க, பத்திரிகை இன்னொரு தடவை அடிக்கறதா இருந்தா... அந்த 'துணை'யை மட்டும் எடுத்துற முடியுமான்னு."

அவள் சிரிக்கத்தான் போனாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "பாக்கறேன்," என்றாள்.

அவன் கண்ணயர்ந்த பிறகு வரைபடத்தைத் திறந்தாள். பொறிகளின் பெட்டிகள் எல்லாம் போய், மனிதர்களின் பெட்டிகள் மட்டும் வெட்டவெளியில் மிதந்தன. சேந்தனின் பெட்டியை எடுத்து ஒரு படி மேலே வைத்தாள். இனி ஒரு கதவையும் அது பூட்டப்போவதில்லை. யாருக்கு என்ன நஷ்டம்? ஆணையரின் ஒப்புதல் கேட்டு அனுப்பினாள். உடனே கிடைத்தது. கூடவே அவரிடமிருந்து ஒரு வேண்டுகோளும் வந்திருந்தது, ஆணையருக்கு முன்னால் 'முதன்மை' என்று சேர்க்கலாமா என்று.

அதையும் சேர்த்தாள். திரையை மூடப் போகும்போது அடி வரிசையில் ஓரமாகக் கிடந்த சின்னப் பெட்டி கண்ணில் பட்டது. வரைவாளர். இத்தனை பேரை ஏற்றி இறக்கும் ஆள் அத்தனைக்கும் அடியில் இருப்பது முறையாக இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. சேந்தன் தூங்குகிறானா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெட்டியை விரலால் பிடித்து மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போய், அவன் பெட்டிக்கு ஒரு படி மேலே வைத்தாள்.